பெயர் நீக்காத அர்ச்சனை

புதன்கிழமை மத்தியானம் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து முதல் வாய் வைக்கும்போது போன் வந்தது. குண்டலுபேட்டையிலிருந்து ஒரு அம்மாள். என் தங்கச்சி மகளைத் தன் பையனுக்குப் பார்த்திருக்கிறார்களாம், ஜாதகம் பொருந்திவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை மைசூருக்கு ஒரு வேலையாக வருகிறார்களாம். "உங்ககிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டுப் போலாமுங்களாக்கா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு விசாரிப்பது என்று பெயர். பெண் எடுக்கிறவர்கள் பெண் வீட்டில் எதையும் கேட்கமாட்டார்கள். பெண்ணின் பெரியம்மாவையோ அத்தையையோ தேடிப் போய், காபி குடித்துக்கொண்டே, புள்ள எப்படி என்று கேட்பார்கள். அந்தப் பெரியம்மா சொல்லும் ஒரு வார்த்தையில் கல்யாணம் நடக்கும், இல்லையென்றால் நிற்கும். வாங்க என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் நிறுத்துவதற்கான வார்த்தை என்னிடம் இருந்தது. அதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆத்திரமும் இருந்தது.

ஆத்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்தில் தங்கச்சி வீட்டில் இருந்தாள். தங்கச்சிக்கு வீட்டுக்காரர் இல்லை. சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்து ஒரே மகளைப் படிக்க வைத்தவள். நான் மைசூரில், ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. தினம் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணுவேன். ஆவணி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க, "அம்மா தூங்குதுக்கா", "இப்பத்தான் கஞ்சி குடிச்சுது", "நாளைக்குப் பேசச் சொல்றேன்" என்று தங்கச்சியே பேசி வைத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் காலையில் அவளாகக் கூப்பிட்டு, அம்மா போய்விட்டாள் என்றாள். கொள்ளேகாலில் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவைக் குளிப்பாட்டி, புதுச்சேலை சுற்றி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு வாரமாகப் படுத்த படுக்கையாம். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. பெற்ற மகள் எனக்குத்தான் தெரியாது!

"ஏன்டி சொல்லல?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவளும் எல்லார் முன்னாலும்தான் பதில் சொன்னாள்.

"சொன்னா நீ ஆம்புலன்ஸ் எடுத்துட்டு வந்துருவே. அப்பாவக் கொண்டுபோயி மூக்குலயும் வாயிலயும் குழாயச் சொருகிப் போட்டு வெச்சிருந்தியே, அந்த மாதிரி. அம்மாவுக்கு அது வேண்டாம்னுச்சு."

அப்பாவை மைசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது நான்தான். அவர் அங்கேயே போய்விட்டார், கடைசிவரை ஒரு வார்த்தை பேச முடியாமல். அதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து ஜனம் நிற்கிற வாசலில் அவள் அதைக் குற்றமாக்கி என் முகத்தில் வீசினாள். கருமாதி முடிந்ததும் அவளிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன். அதோடு பேச்சு நின்றது.

இப்போது அந்த வார்த்தைக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தங்கச்சி மகள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படித்த ஒருவனோடு ஹாஸ்டலை விட்டுப் போய்விட்டாள். நாலாம் நாள் எனக்குப் போன். "பெரியம்மா, தப்புப் பண்ணிட்டேன். வந்து கூட்டிட்டுப் போறீங்களா?" என்று அழுதாள். பெற்றவளைக் கூப்பிடவில்லை, என்னைக் கூப்பிட்டாள். நான் கட்டியிருந்த சேலையோடு பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்து, பத்து நாள் என் வீட்டில் வைத்துச் சோறு போட்டு, தேற்றி அனுப்பினேன். விஷயம் தெரிந்தவர்கள் நான், என் வீட்டுக்காரர், தங்கச்சி, அவ்வளவுதான். வெளியே விடக்கூடாது என்று தங்கச்சி என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். நானும் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளிடம் இதைப் பெரிதாகச் சொல்லக்கூட வேண்டாம். "நல்ல புள்ளதாங்க, நடுவுல ஒரு நாலு நாள்தான் கொஞ்சம்..." என்று இழுத்து நிறுத்தினால் போதும். மிச்சத்தை அவர்களே போய்த் தேடிக்கொள்வார்கள். சிட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. சொல்லும்போதெல்லாம் வாய்க்கு ருசியாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

இதில் பெரிய வேடிக்கை, அம்மா போனதிலிருந்து ஓடிய அந்த ஏழு வாரமும் நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் சொன்ன யோசனை அது. அவர் மைசூரிலேயே பிறந்தவர், பாதித் தமிழ், பாதிக் கன்னடம். ஊரிலிருந்து வந்து நான் பாத்திரங்களைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "பிடு மாராயத்தி, விடும்மா, சும்னே மனசக் கெடுத்துக்காதே. சாமிகிட்ட விட்டுடு" என்றார். அவருக்கென்ன, டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்லிவிட்டார். விடுவது எப்படி என்று ஒருத்தரும் சொல்லித் தருவதில்லை. மாத்திரைக்காவது அட்டையில் சாப்பாட்டுக்கு முன், பின் என்று எழுதிக் கொடுக்கிறார்கள்.

இருந்தாலும் போனேன். அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. பல வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் போகிற கோயில்தான். இப்போது தினமும் போனேன். பிரகாரம் சுற்றினேன், எலுமிச்சம்பழ விளக்குப் போட்டேன். முட்டி வலி வந்ததுதான் மிச்சம். கண்ணை மூடி, தாயே, என் மனசை ஆற வை என்று ஆரம்பிப்பேன். இரண்டு மூச்சு விடுவதற்குள் தங்கச்சி வந்து நின்றுவிடுவாள். அப்புறம் வேண்டுதல் எங்கே, வழக்குத்தான். அவள் அன்றைக்குச் சொன்னதைப் பார்த்தாயா, நான் வருவதற்குள் குளிப்பாட்டிவிட்டார்களே அதைப் பார்த்தாயா, அவளுக்கு என்றைக்காவது தெரிய வேண்டாமா என்று அம்மனைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டு நிற்பேன். கண்ணைத் திறந்தால் போகும்போது இருந்ததைவிட உடம்பு சூடாக இருக்கும். ஆபீசில் மட்டும், "நான் யாரையும் ஒண்ணும் சொல்லலப்பா, அந்த அம்மாகிட்ட விட்டுட்டேன்" என்று பெரிய பதிவிரதை மாதிரிப் பேசுவேன். நான் விட்டுவிடவில்லை. அடிக்கிற வேலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னும் ஏன் அடிக்கவில்லை என்று தினமும் போய் விரட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மன் அடிக்கவும் இல்லை, என் மனசு ஆறவும் இல்லை. நடுவில் கல்யாணப் பேச்சு வேறு. சாவு விழுந்த வீட்டில் வருஷத்துக்குள் ஒரு நல்லது நடக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் அதையும் எனக்கு அவள் சொல்லவில்லை, குண்டலுபேட்டைக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் அம்மன் முன்னால் கை கூப்பவே எனக்கு இஷ்டமில்லை. ஏழு வாரம் உன்னிடம் கேட்டேன், நீ ஒன்றும் செய்யவில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் போகும் வழியில் அர்ச்சனைத் தட்டோடு கோயிலுக்குப் போனேன். பழக்கத்தில் போனதுதான். தெருவில் தசராவுக்கு விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள், அதற்காகக் கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். கோயிலுக்குள் இருட்டாக, அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் புதிது. அங்கே கரண்ட்டில் ஓடுகிற மேளமும் மணியும் சேர்ந்த மெஷின் ஒன்று உண்டு. அர்ச்சனை ஆரம்பிக்கும்போதே அர்ச்சகர் ஸ்விட்சைப் போட்டுவிடுவார். டங்கு டங்கென்று அது அடிக்கிற அடியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. அர்ச்சகர் வாய் அசைவதைத்தான் பார்ப்போம்.

அவர் கன்னடக்காரர், எங்களிடம் அவருக்கு வந்த தமிழில் பேசுவார். வாரா வாரம் வருகிறவர்களிடம் பெயர், நட்சத்திரம் எதுவும் கேட்கமாட்டார். ஆளைப் பார்த்ததும் அந்தக் குடும்பத்துப் பட்டியல் முழுவதும் அவர் வாயில் வந்துவிடும். என்னுடைய பட்டியலை எந்த வருஷம் கொடுத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை. தட்டை நீட்டுவேன், விபூதி வாங்குவேன், வந்துவிடுவேன்.

அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. முதல் தடவையாக என் அர்ச்சனை என் காதில் விழுந்தது. சிவகோத்திரம் என்று ஆரம்பித்தார். உத்திர நட்சத்திரம் சொல்லி என் வீட்டுக்காரர் பெயர். பூச நட்சத்திரம், என் பெயர். ரோகிணி நட்சத்திரம் என்று சொல்லி, நிறுத்தி, அழுத்தமாக, அம்மாவின் முழுப் பெயரைச் சொன்னார். ஊரில் ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிற அந்தப் பெயரை. பின்னாலேயே மக நட்சத்திரம், தங்கச்சி. சுவாதி, அவள் மகள். எல்லாருக்கும் சேர்த்துத் தீர்க்காயுசு, ஆரோக்கியம், ஐசுவரியம் என்று பூவைத் தூவினார்.

"சாமி, நிறுத்துங்க!" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது. எனக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஏனம்மா? ஏனாயித்து? என்ன ஆச்சு?"

"அம்மா இல்லீங்க சாமி."

"இல்லேன்னா? ஊருக்குப் போயிட்டாங்களா?"

"செத்துப்போயிட்டாங்க. ஆவணியில."

அவர் கையிலிருந்த பூவைத் தட்டில் வைத்துவிட்டார். "ஐயோ தேவரே! ஹேளபேக்கல்லவா அம்மா? சொல்லணும் தானே? ஏழெட்டு வாரமா நான் அவங்களுக்குத் தீர்க்காயுசு கேட்டுட்டு இருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சொல்லியிருக்க வேண்டும்தான். தினம் வந்து நின்றேனே, ஏன் சொல்லவில்லை? தங்கச்சி எனக்குச் சொல்லவில்லை என்று ஏழு வாரமாக அம்மன் காதைப் பிய்த்த நான், அம்மா செத்துப்போனாள் என்பதை அம்மனிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று சொன்னேன். என்னைக் கூப்பிடவில்லை, எனக்காகக் காத்திருக்கவில்லை, என்னை அவமானப்படுத்தினாள் என்று சொன்னேன். அம்மா இல்லை என்று வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான் முதல் முறை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. சாவு வீட்டில் அழுத மாதிரி இல்லை, அங்கே அழுததில் பாதி சண்டை. இது வேறு. தூணைப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு, அம்மா, அம்மா என்று அழுதேன். எந்த அம்மாவைக் கூப்பிட்டேன் என்று கேட்காதீர்கள்.

பின்னால் நின்ற ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இன்னொருத்தர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று வாட்சைப் பார்த்தார். அவர் மேல் தப்பில்லை.

அர்ச்சகர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சரி, அம்மாவ எடுத்துடறேன். மத்தவங்க இருக்கட்டும் தானே? மகம், சுவாதி?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. லிஸ்ட்டைச் சரிபார்க்கிறார், அவ்வளவுதான். தங்கச்சியை எடுத்துவிடுங்கள் என்று சொல்லலாம். சொன்னால் அவரும் எடுத்துவிடுவார், காரணம் கேட்கமாட்டார். ஆனால் சுவாதியை எப்படி எடுப்பது? வந்து கூட்டிட்டுப் போறீங்களா என்று என்னிடம் கேட்ட பிள்ளை அது. அம்மா செத்த அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து, பெரியம்மா ஒரு வாய் டீ குடிங்க என்று கெஞ்சியதும் அதுதான். அவள் என்னை என்ன செய்தாள்? ஞாயிற்றுக்கிழமை நான் வெட்டப்போவது அவளைத்தானே?

வாட்சைப் பார்த்து நின்றவர் தொண்டையைக் கனைத்தார்.

"இருக்கட்டும்" என்றேன். பெரிய மனதோடு சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவர் முதலிலிருந்து ஆரம்பித்தார். உத்திரம், பூசம், மகம், சுவாதி. ரோகிணி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அந்த நாலு பெயருக்கும் நானும் கை கூப்பினேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது அப்படியே இருந்தது. ஆனால் இத்தனை நாளும் கோபத்துக்குப் பின்னால் அம்மா மறைந்திருந்தாள். அன்றைக்கு முன்னால் வந்துவிட்டாள். அவளை இழந்த வலியை வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் கல்யாணத்தில் கை வைக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அந்த அம்மாள் வந்தார். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைப்பூ. என் வீட்டுக்காரர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு நைசாகக் கடைக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் வேண்டாம் என்று இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. என்னை என்னவென்று நினைத்திருக்கிறார்?

காபி பாதி குடித்ததும் அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா நினைக்காதீங்கக்கா. எங்களுக்கு ஒரே பையன். புள்ளயப் பத்தி நாங்க தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருந்தா நீங்க சொல்லோணும்" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "உங்க நம்பர் கொடுத்ததே உங்க தங்கச்சிதானுங்க. எங்கக்கா பொய் பேசாது, அதுகிட்டக் கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என்ன நெஞ்சழுத்தம்! நான் கோபமாக இருப்பது அவளுக்குத் தெரியும். என்னிடம் என்ன இருக்கிறது என்பதும் தெரியும். கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுக் கழுத்தையும் நீட்டி வைத்திருக்கிறாள். பஸ்ஸில் பழகிய வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்தது. நல்ல புள்ளதாங்க, நடுவுல ஒரு நாலு நாள்தான். அம்மா தாயே, இப்போதாவது என் வாயைப் பிடித்துக்கொள் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அந்த ஏழு வாரத்தில் நான் செய்த ஒரே சுத்தமான வேண்டுதல் அதுதான் என்று நினைக்கிறேன். அதில் தங்கச்சி இல்லை.

"புள்ளக்கி ஒரு கஷ்டம்னா ஒளிஞ்சுக்காதுங்க" என்றேன். "தப்புப் பண்ணினாலும் தப்புன்னு வந்து சொல்லும். எங்கிட்ட வந்து சொல்லியிருக்குது. உங்க பையங்கிட்டயும் சொல்லும். அத மட்டும் கேக்கறதுக்கு உங்க பையனுக்கு மனசு இருக்குதான்னு பாருங்க. எங்க வீட்டுப் புள்ள அப்பிடித்தான்."

அந்த நாலு நாளைச் சொல்ல வேண்டியவள் தங்கச்சி மகள். எப்போது, எவனிடம், எவ்வளவு என்பது அவள் பாடு. என் கோபத்துக்குத் தாளிக்க அதை எடுக்க எனக்கு உரிமை கிடையாது. அந்த அம்மாளுக்குப் புரிந்ததோ இல்லையோ, "போதுமுங்கக்கா" என்று எழுந்து எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்.

அவர் ஆட்டோ ஏறினதும் தங்கச்சிக்குப் போன் போட்டேன். கருமாதிக்கு அப்புறம் முதல் தடவை. முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள்.

"வந்துட்டுப் போனாங்க" என்றேன்.

"என்னக்கா சொன்னே?" என்றாள்.

"நல்ல புள்ளன்னு சொன்னேன். வேற என்ன சொல்லுவேன்னு நெனச்சே?"

அழ ஆரம்பித்தாள். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. "அழாதே. உங்கிட்டச் சமாதானம் ஆகறதுக்கு நான் போன் பண்ணல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு வெச்சிடறேன்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கேளுக்கா என்றாள். ஏழு வாரமாக, ஏன் சொல்லவில்லை என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா எப்படிப் போனாள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

"கடைசியா அம்மா ஏதாவது பேசுச்சா?"

அந்தப் பக்கம் கடையில் யாரோ சர்க்கரை கேட்பதும், அவள் அவர்களைப் பொறுக்கச் சொல்வதும் கேட்டது.

"உன்னயத்தான் கேட்டுச்சுக்கா. விடிஞ்சும் விடியாம இருந்துது. பெரியவ வந்துட்டாளான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"வந்துட்டேம்மான்னு சொன்னேன்." விக்கினாள். "அதுக்குக் கண்ணு தெரியலக்கா. நீதான்னு நெனச்சு எங்கையப் புடிச்சுக்கிச்சு. நானும், நான் சின்னவதான்னு சொல்லல. அப்பிடியே போயிருச்சு."

திட்டுவதற்காகத்தான் வாயைத் திறந்தேன். என் இடத்தில் உட்கார்ந்து, என் பெயரில் வந்துட்டேன் என்று பதில் சொல்லி, எனக்கு வரவேண்டிய அந்தக் கையை வாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கை யாருக்காவது கிடைத்ததே என்றும் இருந்தது. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எது எதென்று எனக்குத் தெரியவில்லை.

"கை சூடா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுக்கா" என்றாள்.